முகாமின் கடைசிப் பத்து நாட்கள்

(நமது பள்ளிவாசலின் கோடைக்கால தீனிய்யாத் பயிற்சி முகாம் நிறைவடைய 10 நாட்கள் இருந்த நிலையில், வியாழன் இரவு இஷா தொழுகைக்குப் பின் பெற்றோர்கள், உஸ்தாதுமார்கள், நிர்வாகிகள், தொண்டாற்றும் இளைஞர்கள் ஆகியோர் முன்னிலையில் பள்ளியின் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

     

30 நாட்கள் கொண்ட நமது முகாமில் 20 நாட்கள் அல்லாஹ்வின் அருளால் நல்லமுறையில் கடந்துவிட்டன. கத்திரி வெயிலையும் பொருட்படுத்தாமல் நம் பிள்ளைகள் காலை 9 மணிக்கெல்லாம் பள்ளி வாசலுக்கு வந்து சேர்கிறார்கள். தம் வீட்டு வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு ஆலிமாக்கள் வருகிறார்கள். மோரும் சுண்டலும் வழங்கும் பொறுப்பை நமது இளைஞர்கள் முறை வைத்துச் செய்கிறார்கள். இவர்கள் அனைவருக்கும் அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக!

இன்று உங்களை அழைத்ததன் நோக்கம் கடந்த 20 நாட்களைப் பாராட்டிப் பேசுவதன்று. மீதமிருக்கும் 10 நாட்களை என்ன செய்யப் போகிறோம் என்று கலந்து பேசுவதற்கே அழைத்தோம். ஒரு காரியத்தின் மதிப்பு அதன் முடிவைப் பொறுத்தே அமைகிறது என்ற கருத்தை நபிகளார் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருப்பதை புகாரி ஷரீஃபில் காண்கிறோம். ரமளானில் இறுதிப் பத்து வந்துவிட்டால் பெருமானார் (ஸல்) அவர்கள் முன்பைவிட அதிகமாக முனைந்து நின்றார்கள், தம் குடும்பத்தாரையும் விழிக்கச் செய்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். நம்மிடமோ வழக்கம் தலைகீழாக இருக்கிறது. முதல் பத்தில் ஆர்வம், நடுப் பத்தில் பழக்கம், கடைசிப் பத்தில் களைப்பு என்று நமது காரியங்கள் முடிந்துவிடுகின்றன.

கையில் இருக்கும் நேரம்

முதலில் ஒரு கணக்குப் பார்ப்போம். பத்து நாட்கள் என்கிறோம். அவற்றில் வெள்ளிக்கிழமை இரண்டு, அவை விடுமுறை. கடைசி ஞாயிறு நிறைவு விழா. ஆக, பாடம் நடக்கும் நாட்கள் ஏழு மட்டுமே. காலை 9 மணி முதல் 12 மணி வரை மூன்று மணி நேரம். அதில் இடைவேளை அரை மணி. ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம் வீதம் ஏழு நாட்களுக்குப் பதினேழரை மணி நேரம் வருகிறது. நம் கையில் இருப்பது இவ்வளவுதான்.

இந்தப் பதினேழரை மணி நேரம் வழக்கமாக எங்கே போகிறது என்பதையும் ஒளிவுமறைவின்றிச் சொல்லியாக வேண்டும். நிறைவு விழா நெருங்கிவிட்டது என்றவுடன் கிராஅத் யார், பேச்சு யார், உரையாடல் யார் என்று ஒத்திகை தொடங்கிவிடுகிறது. குரல் வளமும் நினைவாற்றலும் உள்ள பத்துப் பதினைந்து பிள்ளைகளைச் சுற்றி உஸ்தாதுமார்கள் எல்லோரும் நிற்கிறார்கள். மற்றப் பிள்ளைகள் சுவரோரம் அமர்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். இன்னொரு பக்கம், பாடத்திட்டத்தை முடித்தாக வேண்டுமே என்ற அவசரத்தில் ஒரே நாளில் நான்கு துஆக்கள் எழுதிப் போடப்படுகின்றன. வேறொரு பக்கம், “பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, அதற்குள் பாட்டி ஊருக்குப் போய் வந்துவிடுவோம்” என்று பெற்றோர்களே பிள்ளைகளை அழைத்துச் சென்றுவிடுகிறார்கள். கடைசி வாரத்தில் வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் வெற்றிடங்களே கண்ணில் படுகின்றன.

இதில் பிறரைக் குறை சொல்ல நமக்குத் தகுதியில்லை. இந்தத் தவற்றை முதலில் செய்தவர்கள் நாமே. அதை இன்று இந்தச் சபையில் சொல்லிவிட விரும்புகிறோம்.

நாம் செய்த தவறு

மதரஸாவில் பட்டம் பெற்று இமாமத் பணிக்கு வந்த புதிது. வேறோர் ஊரில் பணியாற்றிக் கொண்டிருந்தோம். அங்கேயும் இதுபோல் கோடை முகாம் நடத்தினோம். ‘புதிதாக வந்த ஹஜ்ரத் எப்படி நடத்துகிறார் பார்ப்போம்’ என்று ஊரே எதிர்பார்த்திருந்தது. அந்த எதிர்பார்ப்பு நமது நஃப்ஸுக்கு இனித்தது என்பதை மறைப்பதற்கில்லை. கடைசிப் பத்து நாட்களையும் விழாவுக்கே ஒதுக்கினோம்.

அந்த முகாமில் 11 வயதுச் சிறுவர் ஒருவர் இருந்தார். ஓதும்போது நாக்குத் திக்கும். ஃபாத்திஹா சூராவின் நடுப்பகுதி வரை வருவார், அதற்கு மேல் நின்றுவிடுவார். மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். அவருக்கு நேரம் ஒதுக்கினால் ஒத்திகை கெட்டுவிடும் என்று எண்ணினோம். “தம்பி, நீங்கள் நாற்காலி அடுக்குங்கள், குடிதண்ணீர் பார்த்துக் கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டோம். அவரும் முகம் சுளிக்காமல் பத்து நாட்களும் அந்த வேலையைச் செய்தார். விழா மிகச் சிறப்பாக நடந்தது. சிறப்பு விருந்தினர் நம்மை மேடையிலேயே பாராட்டினார். நாமும் மகிழ்ந்தோம். அடுத்த ஆண்டு அந்தச் சிறுவர் முகாமுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று நாமும் விசாரிக்கவில்லை.

எட்டு ஆண்டுகள் கழிந்தன. ஒருநாள் அந்த ஊரில் ஒரு ஜனாஸா. மய்யித்தின் மூத்த மகனிடம், “நீங்கள் தொழ வைக்கிறீர்களா, அல்லது நமக்கு அனுமதி தருகிறீர்களா?” என்று கேட்பது நமது வழக்கம். கேட்டோம். முன்னால் நின்றவர் அந்தச் சிறுவர்தாம். அப்போது 19 வயது இளைஞர். “நீங்களே தொழ வையுங்கள் ஹஜ்ரத்” என்றார். பிறகு யார் காதிலும் விழாதபடி மெதுவாகக் கேட்டார்: “நான் கடைசி வரிசையில் நின்றுகொள்ளலாமா? எனக்கு ஒன்றும் ஓத வராது.”

பெற்ற தகப்பனின் ஜனாஸாவில் மகன் கடைசி வரிசையைத் தேடுகிறார். அவர் நம்மைக் குறை கூறவில்லை. நாற்காலி அடுக்கச் சொன்னதை நினைவுபடுத்தவும் இல்லை. ஆனால், அந்த ஒரு கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. நம் பக்கத்திலேயே அவரை நிறுத்திக் கொண்டு தொழ வைத்தோம். நாற்பது ஆண்டு காலம் வாழ்ந்தவருக்கான அந்தத் தொழுகையில் நாம் கேட்ட துஆவில் நமக்கான பாவமன்னிப்பும் கலந்திருந்தது.

அடக்கம் முடிந்த சில நாட்களில் அவரை வீட்டில் சென்று பார்த்து, தினமும் மக்ரிபுக்குப் பின் நமது அறைக்கு வரும்படி அழைத்தோம். வந்தார். ஒரு நாளைக்குக் கால் மணி நேரம்தான். மூன்று வாரங்களில் ஃபாத்திஹாவை முழுமையாக ஓதி முடித்தார். திக்கித் திக்கித்தான் ஓதினார். ஆனால், முழுமையாக ஓதினார். சிரமப்பட்டுத் திக்கி ஓதுபவருக்கு இரண்டு கூலிகள் உண்டு என்ற நபிமொழியின் கருத்தை அன்று அவரிடம் சொன்னபோது, “இதை அப்போதே சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேனே ஹஜ்ரத்” என்றார். மூன்று வாரம், தினம் கால் மணி என்றால் மொத்தம் ஐந்தேகால் மணி நேரம். விழா ஒத்திகைக்கு நாம் செலவழித்த நேரத்தில் ஒரு சிறு பகுதிதான் அது. எட்டு ஆண்டுகள் ஒருவரைத் தொழுகையை விட்டுத் தள்ளி வைத்திருந்தது அந்த ஐந்தேகால் மணி நேரம்தான்.

அபஸ சூரா தரும் எச்சரிக்கை

அன்பானவர்களே! மக்காவில் குறைஷித் தலைவர்களிடம் பெருமானார் (ஸல்) அவர்கள் பேசிக் கொண்டிருந்த நேரம். அவர்கள் இஸ்லாத்தை ஏற்றால் பலரும் ஏற்பார்களே என்ற கவலையோடு பேசிக் கொண்டிருந்தார்கள். அப்போது கண்பார்வையற்ற நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் மார்க்கத்தைக் கற்றுக்கொள்ள வேண்டி வந்தார்கள். அந்த நேரத்து நிலைமையில் நாயகம் (ஸல்) அவர்கள் சற்று முகம் திருப்பியதற்கு, ‘அபஸ’ என்று தொடங்கும் 80ஆவது சூராவை அல்லாஹ் அருளினான். தேடி வந்தவரை விட்டுவிட்டு, பொருட்படுத்தாதவர்களின் பின்னால் செல்ல வேண்டியதில்லை என்பதே அதன் கருத்து. பிற்காலத்தில் மதீனாவில் பாங்கு சொல்லும் பொறுப்பு இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களுக்கு வழங்கப்பட்டது. நபிகளார் (ஸல்) அவர்கள் வெளியூர் சென்றபோது மதீனாவில் தம் பிரதிநிதியாகவும் அவரை நியமித்துச் சென்றிருக்கிறார்கள்.

அல்லாஹ்வின் தூதருக்கே அன்பான எச்சரிக்கை வந்ததென்றால், மேடைக்கு வரும் விருந்தினருக்காகச் சுவரோரத்துப் பிள்ளையை மறந்துவிடும் நம் போன்றவர்களின் நிலை என்ன? முகாமின் கடைசி நாட்கள் யாருக்கு உரியவை? நன்றாக ஓதும் பிள்ளை எங்கே இருந்தாலும் கற்றுக்கொள்ளும். பின்தங்கிய பிள்ளைக்கு இந்த ஏழு நாட்களை விட்டால் அடுத்த மே மாதம்தான்; அதுவும் அந்தப் பிள்ளை திரும்பி வந்தால்தான். ஆகவே, இந்தக் கடைசி நாட்கள் பின்தங்கிய பிள்ளைக்கே உரியவை.

இருபது நாட்கள் தங்கிய இளைஞர்கள்

முகாமை எப்படி முடித்து வைப்பது என்பதற்கு அழகிய முன்மாதிரி நபிகளாரின் வாழ்விலேயே இருக்கிறது. மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. ஏறத்தாழ ஒரே வயதுடைய இளைஞர்கள் சிலர் மதீனாவுக்கு வந்து பெருமானாரிடம் 20 நாட்கள் தங்கினார்கள். தம் குடும்பத்தாரைக் காண அவர்கள் ஏங்குகிறார்கள் என்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தாமாகவே உணர்ந்து கொண்டார்கள். வீட்டில் யார் யாரை விட்டுவிட்டு வந்தீர்கள் என்று விசாரித்தார்கள். பிறகு, உங்கள் குடும்பத்தாரிடம் திரும்பிச் செல்லுங்கள், அவர்களுக்கும் கற்றுக் கொடுங்கள், நான் தொழக் கண்டவாறே தொழுங்கள், தொழுகை நேரம் வந்தால் ஒருவர் பாங்கு சொல்லட்டும், உங்களில் மூத்தவர் இமாமாக நிற்கட்டும் என்ற கருத்தில் அறிவுரை கூறி அனுப்பி வைத்தார்கள்.

இந்த ஒரு செய்தியில் நமக்கு நான்கு பாடங்கள் இருக்கின்றன.

முதலாவது: ஆசிரியர் பிள்ளைகளின் மனநிலையை அறிந்திருக்க வேண்டும். கடைசி நாட்களில் பிள்ளைகள் களைத்திருப்பார்கள். அதைக் குற்றமாகப் பார்க்கக் கூடாது. “கவனமே இல்லை” என்று அதட்டுவதை விட, பாடத்தைக் குறைத்து அன்பைக் கூட்டுவதே நபிவழி.

இரண்டாவது: பிள்ளை எந்த வீட்டிற்குத் திரும்புகிறது என்பதை விசாரிக்க வேண்டும். வீட்டில் ஓதிக் கொடுக்க யாராவது இருக்கிறார்களா? தகப்பனார் உள்ளூரிலா, வெளிநாட்டிலா? தாயார் வேலைக்குச் செல்கிறாரா? இவை தெரியாமல், “வீட்டில் தினமும் ஓதி வா” என்று சொல்வதில் பயனில்லை.

மூன்றாவது: வழியனுப்பும்போது அந்த இளைஞர்களின் தலையில் புதிய பாடங்களை ஏற்றவில்லை. கண்ணால் கண்ட தொழுகையை அப்படியே தொடரச் சொன்னார்கள். கடைசி நாட்கள் புதியதைத் தொடங்குவதற்கு அல்ல; படித்ததை உறுதிப்படுத்துவதற்கே.

நான்காவது: பொறுப்பைக் கொடுத்து அனுப்பினார்கள். கற்க வந்தவர்களாக வந்த அந்த இளைஞர்கள் கற்பிப்பவர்களாகத் திரும்பினார்கள்.

ஏழு நாட்களுக்கான திட்டம்

இந்த அடிப்படையில் உஸ்தாதுமார்களுடன் ஆலோசித்து ஒரு திட்டம் வகுத்திருக்கிறோம். உங்கள் முன் வைக்கிறோம்.

இனி புதிய பாடம் கிடையாது. பாடப் புத்தகத்தில் சில பக்கங்கள் மீதமிருந்தால் இருக்கட்டும். பக்கங்கள் முடியாமல் போவதில் நட்டமில்லை. பிள்ளை தொழத் தெரியாமல் போவதுதான் நட்டம்.

சனி, ஞாயிறு ஆகிய முதல் இரண்டு நாட்களும் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே அழைத்து, ஒளுச் செய்து, இரண்டு ரக்அத் தொழுது காட்டச் சொல்ல வேண்டும். கூட்டமாக நின்று ஓதும்போது எல்லாப் பிள்ளைகளும் ஓதுவதுபோல் தோன்றும். தனியே நிறுத்தினால்தான் உண்மை தெரியும். ஹவுளில் நின்று கவனித்துப் பாருங்கள். கையைக் கழுவும் பிள்ளை சட்டைக் கை இறுக்கமாக இருப்பதால் முழங்கையை நனைக்காமலே விட்டுவிடும். காலில் தண்ணீர் ஊற்றும், குதிகால் உலர்ந்தே இருக்கும். குதிகால் நனையாமல் ஒளுச் செய்தவர்களைப் பெருமானார் (ஸல்) அவர்கள் உரத்த குரலில் எச்சரித்திருக்கிறார்கள். புத்தகத்தில் ஒளுவின் ஃபர்ளுகளை ஒப்பிக்கும் பிள்ளைக்கும் இந்தக் குறை இருக்கும். அதைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த முடியும்.

ஓதுதலிலும் அவ்வாறே. தமிழ் எழுத்தில் பார்த்து மனனம் செய்த பிள்ளை, ‘அல்ஹம்து’வில் வரும் ஹாவையும் ‘இஹ்தினா’வில் வரும் ஹாவையும் ஒன்றாகவே ஓதும். முன்னது தொண்டையின் நடுவிலிருந்து வருவது. பின்னது தொண்டையின் அடியிலிருந்து வருவது. ‘நஃபுது’வில் உள்ள ஐன், ‘ஸிராத்’தில் உள்ள ஸாத், ‘முஸ்தகீ’மில் உள்ள காஃப் ஆகியவையும் இப்படியே. இருக்கும் சூராக்களை விட்டுவிட்டு இன்னும் ஐந்து சூரா மனனம் செய்ய வைப்பதை விட, ஃபாத்திஹாவின் இந்த நான்கைந்து எழுத்துக்களைச் சரி செய்து அனுப்புவது மேலானது. ஒவ்வொரு ரக்அத்திலும் வாழ்நாள் முழுவதும் ஓதப் போவது அந்த சூராவைத்தானே!

திங்கள் முதல் வியாழன் வரையிலான நான்கு நாட்கள், கண்ட குறைகளைத் திருத்துவதற்கு. நன்றாக ஓதும் மூத்த பிள்ளை ஒருவருடன் பின்தங்கிய பிள்ளை ஒருவரை இணைத்து உட்கார வைப்போம். கற்றுக் கொடுக்கும் பிள்ளைக்கும் பாடம் உறுதியாகும். மீதமுள்ள நேரத்தில் உஸ்தாதுமார்கள் மிகவும் சிரமப்படும் பிள்ளைகளுடன் அமர்வார்கள். லுஹருக்கு பாங்கு சொல்லும் வாய்ப்பை, நமது முஅத்தின் அவர்களின் மேற்பார்வையில், தினமும் ஒரு சிறுவருக்கு அளிப்போம். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். ஜமாஅத்தார்கள் சிரிக்காமல் இருந்தால் போதும்.

இன்னொரு முக்கியமான விஷயம். கூச்சத்தின் காரணமாக எல்லா முகாம்களிலும் விடுபட்டுப் போகும் பாடம் ஒன்று உண்டு. பருவ வயதை எட்டும் பிள்ளைகளுக்கான குளிப்புச் சட்டங்களும் சுத்தம் பற்றிய சட்டங்களும்தாம் அவை. பெற்றோர்கள், மதரஸாவில் சொல்லிக் கொடுப்பார்கள் என்று இருக்கிறார்கள். உஸ்தாதுமார்கள், வீட்டில் சொல்லிக் கொடுப்பார்கள் என்று இருக்கிறார்கள். இருவருக்கும் நடுவில் பிள்ளை, தெரிந்ததும் தெரியாததுமாக யாரிடமோ கேட்டுக்கொள்கிறது. இப்போது கைபேசியிலும் தேடிக்கொள்கிறது. குளிப்புக் கடமையான நிலையில் தொழக் கூடாது என்பதே தெரியாமல் தொழுதுகொண்டிருக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கேட்க வெட்கப்பட்டுத் தொழுகையையே விட்டுவிட்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள். மூத்த பெண் பிள்ளைகளுக்கு ஆலிமாக்களும், மூத்த ஆண் பிள்ளைகளுக்கு நாமும் திங்கட்கிழமை தனித்தனியே இதை விளக்குவோம். கண்ணியமான சொற்களால், தேவையான அளவு மட்டுமே பேசப்படும். பெற்றோர்கள் தயங்க வேண்டாம்.

கடைசிச் சனிக்கிழமை முழுவதும் வழியனுப்புவதற்கான நாள். விழா ஒத்திகை கடைசி மூன்று நாட்களில் அரை மணி நேரம் மட்டும். மேடை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நாலு பேர் முன் நின்று பேசும் துணிவு பிள்ளைகளுக்கு வேண்டியதுதான். ஆனால், மேடை முகாமின் ஒரு மூலையில் இருக்கட்டும். முகாமே மேடையின் மூலைக்குப் போய்விட வேண்டாம்.

நிர்வாகப் பெருமக்களுக்கு

விழாவை அஸருக்குப் பின் தொடங்கி மக்ரிபுக்குள் முடித்துவிட வேண்டுகிறோம். சிறப்புரை ஒன்று போதும். முதல் மூன்று இடங்களுக்குப் பெரிய பரிசு, மற்றவர்களுக்குக் கைத்தட்டல் என்ற முறையை மாற்றி, வந்த பிள்ளைகள் அனைவருக்கும் ஒரே விதமான பரிசு கொடுப்போம். தொடக்கத்தில் ஒன்றுமே தெரியாமல் வந்து, சிரமப்பட்டு முன்னேறிய பிள்ளைகளை மேடைக்கு அழைத்துப் பாராட்டுவோம். பந்தலிலும் விளம்பரப் பலகையிலும் மிச்சமாகும் தொகையை, ஜூன் மாதத்திற்குப் பின் நடக்க வேண்டிய மாலை நேர மக்தபிற்கு ஒதுக்கித் தாருங்கள். இதைக் கேட்பதில் சிலருக்கு மனவருத்தம் ஏற்படலாம். விழாவுக்காக ஆண்டுதோறும் உழைப்பவர்களின் நல்லெண்ணத்தில் நமக்கு ஐயமில்லை. அந்த நல்லெண்ணம் ஒருநாள் மாலையோடு முடிந்துவிடாமல் ஆண்டு முழுவதும் பலன் தர வேண்டும் என்பதே நமது ஆசை.

பெற்றோர்களுக்கு

தயவு செய்து இந்த ஏழு நாட்களும் பிள்ளைகளை அனுப்பி வையுங்கள். சீருடை வாங்குவதையும் நோட்டுப் புத்தகம் வாங்குவதையும் பிற்பகலில் வைத்துக் கொள்ளுங்கள். வெளியூர்ப் பயணத்தை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள்.

நிறைவு நாளில் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு தாள் கொடுக்கப்படும். அது மதிப்பெண் பட்டியல் அன்று. உங்கள் பிள்ளைக்கு எது நன்றாகத் தெரியும், எதில் இன்னும் பயிற்சி வேண்டும், வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும் என்ற மூன்று விவரங்கள் மட்டுமே அதில் இருக்கும். விடுமுறைக்காக நன்னா, நன்னி வீட்டிற்கு வந்து இந்த முகாமில் சேர்ந்திருக்கும் வெளியூர்ப் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் அந்தத் தாளைத் தம் ஊர் இமாமிடம் காட்டட்டும். விட்ட இடத்திலிருந்து அவர் தொடர்வார்.

அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமான அமல், குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படுவதே என்ற கருத்து நபிமொழியில் வந்துள்ளது. பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் தனிப்பயிற்சி, வீட்டுப் பாடம் என்று நேரம் கிடைக்காது என்பது நமக்கும் தெரியும். ஒரு மணி நேரம் கேட்கவில்லை. மக்ரிபுக்குப் பின் பத்து நிமிடம் பிள்ளை ஓத, நீங்கள் கேளுங்கள். தகப்பனார் வெளிநாட்டில் இருந்தால் தொலைபேசியில் பேசும்போது, “சாப்பிட்டாயா, படித்தாயா” என்பதோடு, “ஒரு சூரா ஓதிக் காட்டு” என்றும் கேட்கட்டும்.

“எங்களுக்கே சரியாக ஓதத் தெரியாதே ஹஜ்ரத், நாங்கள் எப்படிக் கேட்பது?” என்று சில தாய்மார்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளையிடமே கற்றுக் கொள்ளுங்கள். அந்த இளைஞர்கள் மதீனாவிலிருந்து திரும்பிச் சென்று தம் குடும்பத்தாருக்குக் கற்றுக் கொடுக்கவில்லையா? தாய் தன்னிடம் பாடம் கேட்கிறாள் என்றால், அந்தப் பிள்ளை ஒருபோதும் அந்தப் பாடத்தை மறக்காது.

உஸ்தாதுமார்களுக்கும் நமக்கும்

கடைசியாக ஒன்று. 30 நாட்கள் பிள்ளைகளோடு இருக்கும்போது நாமும் கோபப்பட்டிருப்போம். எல்லோர் முன்னிலையிலும் ஒரு பிள்ளையைக் கேலியாக ஒரு சொல் சொல்லியிருப்போம். நாம் அதை அன்றே மறந்திருப்போம். அந்தப் பிள்ளை மறந்திருக்காது. முகாமைப் பற்றி அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுவதும் நினைவில் வைத்திருப்பது அந்த ஒரு சொல்லாகவே இருந்துவிடக் கூடும். அப்படி யாரேனும் இருந்தால் இந்த ஏழு நாட்களுக்குள் அழைத்து, தோளில் கை வைத்து, மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். சிறியவரிடம் மன்னிப்புக் கேட்பதால் உஸ்தாதின் கண்ணியம் குறைந்துவிடாது. பிள்ளைகளும் தமக்குள் உள்ள சண்டை சச்சரவுகளைத் தீர்த்துக் கொண்டு, ஸலாம் சொல்லிப் பிரியட்டும்.

அன்பிற்கினியவர்களே! ஒருவரது கையில் ஒரு மரக்கன்று இருக்கும்போது கியாமத் நாளே வந்துவிட்டாலும், முடிந்தால் அதை நட்டுவிடட்டும் என்ற கருத்தில் நபிகளார் (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். இனி நேரமில்லை என்று கன்றைக் கீழே போட்டுவிட நமக்கு அனுமதியில்லை. நம் கையில் பதினேழரை மணி நேரம் இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு ஃபாத்திஹாவைக் கற்றுக் கொடுக்க ஐந்தேகால் மணி நேரம் போதும் என்பதை, எட்டு ஆண்டுகள் தாமதமாக நாம் கற்றுக் கொண்டோம். அந்தத் தாமதம் இந்த ஊரில் எந்தப் பிள்ளைக்கும் நேரக் கூடாது. நம் பிள்ளைகளில் ஒருவர்கூட நாளை எந்தத் தொழுகையிலும், “எனக்கு ஓத வராது” என்று கடைசி வரிசையைத் தேடி நிற்கக் கூடாது.

யா அல்லாஹ்! இந்த முகாமை உன் பொருத்தத்திற்குரியதாக ஆக்கி வைப்பாயாக! எங்கள் பிள்ளைகளைத் தொழுகையை நிலைநிறுத்துபவர்களாகவும், எங்கள் கண்களுக்குக் குளிர்ச்சியாகவும் ஆக்கி அருள்வாயாக! திக்கி ஓதும் பிள்ளைகளின் நாவை இலகுவாக்குவாயாக! அவர்களுக்குக் கற்றுத் தரும் உஸ்தாதுமார்களுக்கும், துணை நிற்கும் இந்த ஜமாஅத்தார் அனைவருக்கும் ஈருலகப் பேறுகளை வழங்குவாயாக! எங்கள் தவறுகளை மன்னித்து, எங்கள் காரியங்கள் அனைத்தின் முடிவையும் அழகாக்கித் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.